அங்கத்தினருக்கு ஏற்ற கைபேசி எது?

சங்கங்களை ஆய்வு செய்யச் செல்லும்போது, ரொக்கப் புத்தகத்தையும் கையிருப்பையும் ஒத்துப்பார்த்துக் கையொப்பமிட்டு முடித்ததும், அருகில் காத்து நிற்கும் அங்கத்தினர் சிலர் ஏதேனும் கேட்பது வழக்கம். பெரும்பாலும் அது கடனைப் பற்றியதாகவோ நூல் விலையைப் பற்றியதாகவோ இருக்கும். அண்மைக் காலத்தில் மூன்றாவதாக ஒரு கேள்வியும் சேர்ந்துகொண்டுள்ளது. "சார், கைக்கு அடக்கமாக, சீக்கிரத்தில் கெட்டுப்போகாததாக, நம் சக்திக்கு ஏற்ற விலையில் என்ன செல்போன் வாங்கலாம்?" என்கிறார்கள். கடைக்காரரைக் கேட்டால் தம்மிடம் தேங்கிக் கிடப்பதைக் காட்டுவார். வீட்டுப் பிள்ளைகளைக் கேட்டால் தாங்கள் ஆசைப்படுவதைச் சொல்வார்கள். இவ்விரு சாராரையும் சேராதவன் என்பதால் என்னைக் கேட்கிறார்கள் போலும். தனித்தனியே சொல்லி வந்ததை இங்கே ஒருமுகமாக எழுதலாமென்று தோன்றியது. இது என் சொந்த அபிப்பிராயமேயன்றி இலாகாவின் கருத்தன்று.

கேள்வி சிறிதாயினும் விஷயம் சிறிதன்று. நான் ஆய்வுக்குச் சென்ற ஒரு கிராமச் சங்கத்தில் மஞ்சள் பயிரிடும் பெரியவர் ஒருவரைக் கண்டேன். அவருடைய மகன் நல்லெண்ணத்துடன் ஒரு பெரிய டச் போன் வாங்கித் தந்திருந்தான். சட்டைப் பையில் பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்த அது, அவர் மடை திறக்கக் குனிந்தபோது வாய்க்காலில் விழுந்தது. பழுது பார்க்கக் கேட்ட தொகை அவருக்கு மலைப்பாக இருந்தமையால் பெட்டியில் போட்டு வைத்துவிட்டார். நான்கைந்து மாதங்களுக்குப் பின், ஆண்டுக்கு 6,000 ரூபாய் வீதம் மத்திய அரசு அளிக்கும் விவசாயிகள் உதவித் தொகைக்காக ஆதாரைச் சரிபார்க்க வேண்டி வந்தது. அதற்கான ரகசிய எண் போய்ச் சேர வேண்டிய கைபேசி எண்ணோ உயிரற்றுப் போயிருந்தது. தொடர்ந்து 90 நாள் யாதொரு உபயோகமும் இல்லாத எண்ணை, அதில் 20 ரூபாயேனும் இருப்பு இல்லாவிடில், கம்பெனி நிறுத்திவிடலாம் என்பது விதி. விரல் ரேகையை வைத்துப் பார்த்தார்கள். மண்வெட்டி பிடித்துத் தேய்ந்த விரலை இயந்திரம் ஏற்கவில்லை. எண்ணை மாற்றிப் பதிய நகரத்துக்கு இருமுறை போய்வந்தார். அவ்விரு நாளும் கூலிக்கு ஆள் வைத்துத் தண்ணீர் பாய்ச்சினார்.

பெரியவரின் மகன் செய்ததில் குற்றமொன்றுமில்லை. தகப்பனாருக்கு நல்ல பொருள் வாங்கித் தரவேண்டுமென்று எண்ணினான். அந்தப் பொருள் எந்த இடத்தில், எந்தக் கையில் உழைக்கப்போகிறது என்பதை மட்டும் எண்ணவில்லை. தறிக்கு நாடா வாங்குகிறவர் தம் தறியின் அகலத்தைப் பார்த்தே வாங்குவார். கைபேசி விஷயத்தில் மட்டும் நாம் கடைக் கண்ணாடிப் பெட்டியைப் பார்த்து வாங்குகிறோம்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வயலிலும் தறிக் குழியிலும் உழைக்கும் அங்கத்தினர் தம் மேலில் வைத்துக்கொள்ள வேண்டியது 4ஜியில் இயங்கும் சிறிய பட்டன் போன். டச் போன் தேவைப்படுமானால் அது வீட்டுக்கு ஒன்று போதும். அதையும் தவணையில் வாங்காது ரொக்கத்தில் வாங்கவேண்டும். வங்கியிலும் ஆதாரிலும் பதிந்துள்ள எண், எளிதில் உடையாத அந்தச் சிறிய போனிலேயே இருக்கவேண்டும். இதைச் சொன்னால் இளைஞர்கள் என்னைப் பழமைவாதி என்கிறார்கள். அவர்களுக்குப் பின்னர்ப் பதில் சொல்கிறேன்.

அடக்கமும் உறுதியும் மலிவும் ஒன்றாய்க் கூடிய கைபேசி ஒரு காலத்தில் எங்கும் கிடைத்தது. நோக்கியா கம்பெனி 2003இல் வெளியிட்ட 1100 என்ற மாதிரியைப் பலர் நினைவில் வைத்திருப்பர். நம்மைப் போன்ற நாடுகளின் தூசியையும் வேர்வையையும் மனத்திற்கொண்டே அது செய்யப்பட்டது. பொத்தான்களுக்கு இடையே தூசி புகாதபடி ஒரே ரப்பர்த் தகடு, வழுக்காத பக்கங்கள், தலைப்பில் ஒரு டார்ச் விளக்கு. உலகெங்கும் 25 கோடிக்கு மேல் விற்றது. இரவில் மோட்டார்க் கொட்டகைக்குப் போகிறவருக்கு அந்த விளக்கு ஒன்றே அதன் விலைக்கு ஈடு. நம் ஸ்ரீபெரும்புதூரிலேயே அக்கம்பெனியின் தொழிற்சாலை 2006இல் தொடங்கி, 2014 நவம்பரில் உற்பத்தியை நிறுத்தியது. பின்னர் டச் போன்கள் வந்தன. ஆண்டுக்கு ஆண்டு வளர்ந்தன. இன்று மலிவு விலையில் கிடைக்கும் டச் போன்கள் பெரும்பாலும் ஆறரை அங்குலத்துக்கு மேற்பட்டவை. சிறிய அளவில் உயர்ந்த ரகமாகச் செய்து பார்த்தவர்களும் உண்டு. ஆப்பிள் கம்பெனி 2020இல் 5.4 அங்குலத்தில் 12 மினி என ஒன்றை வெளியிட்டது. இந்தியாவில் அதன் அன்றைய ஆரம்ப விலை 69,900 ரூபாய். மறு ஆண்டு இன்னொரு மினியை வெளியிட்டு, அதோடு அந்த வரிசையையே விட்டுவிட்டது. ஆகவே அடக்கமும் வேண்டும், சிக்கனமும் வேண்டும் என்போருக்கு இன்று மிஞ்சியிருப்பது பட்டன் போன் ஒன்றே.

ஆனால் பட்டன் போன்கள் எல்லாம் ஒன்றல்ல. இங்கேதான் நம்மவர் பலர் ஏமாறுகின்றனர்.

முதலாவதாக, அது 4ஜி அலைவரிசையில் பேசக்கூடியதா என்று கேட்கவேண்டும். ஜியோவின் சேவை 2016இல் தொடங்கிய நாள்முதல் 2ஜி, 3ஜி இரண்டுமே அதில் கிடையா. பழைய பட்டன் போனில் அந்தச் சிம்மைப் போட்டால் வெறும் டப்பாதான். ஏர்டெல் கம்பெனி 2020இல் 3ஜியை மூடியது. இன்னும் 2ஜி ஓடும் இடங்கள் உண்டெனினும், சில நூறு ரூபாய் மிச்சத்துக்காகப் பழைய ரகத்தை இப்போது வாங்குவது சிக்கனமாகாது. இரண்டாவதாக, எல்லாக் கம்பெனிச் சிம்மையும் ஏற்குமா, ஒரே கம்பெனிக்குக் கட்டுப்பட்டதா என்று பார்க்கவேண்டும். 2023 ஜூலையில் 999 ரூபாய்க்கு வந்த ஜியோபாரத் போன் அதே கம்பெனிச் சிம்மில் மட்டுமே இயங்குவது. உங்கள் ஊரில் அந்தக் கோபுரம் நன்றாக எட்டுமானால் அதில் குற்றமில்லை. எட்டாவிடில் மலிவு விலையால் பயனில்லை. எல்லாச் சிம்மையும் ஏற்கும் நோக்கியா 110 4ஜி அதே ஆண்டில் 2,499 ரூபாய்க்கு வெளிவந்தது. விலைகள் மாதத்துக்கு மாதம் மாறுவன. எனினும் இவ்விரண்டு தொகைகளையும் நினைவில் வைத்திருந்தால் கடைக்காரர் சொல்லும் விலை ஏறுமாறானதா என்று தெரிந்துகொள்ளலாம்.

மூன்றாவது, பாட்டரியை நாமே கழற்றி மாற்ற முடிகிறதா என்பது. தண்ணீரில் விழுந்ததும் மூடியைத் திறந்து பாட்டரியை எடுத்துவிட்டால், உலர்ந்த பின் பிழைத்துக்கொள்ளும் வாய்ப்பு அதிகம். மூடி ஒட்டப்பட்ட டச் போனுக்கு அந்த வாய்ப்புக் குறைவு. இரண்டு மூன்று ஆண்டுகளில் பாட்டரி தளர்ந்தால் புதிதாக ஒன்றைப் போட்டுக்கொள்ளவும் எளிது. ஒன்று மட்டும்: தெருவில் விற்கும் பெயர் தெரியாத பாட்டரியைப் போடலாகாது. உப்பிய பாட்டரியை ஒரு நாள்கூட உபயோகிக்க வேண்டாம். இந்திய தர நிர்ணயக் குறியும் பதிவு எண்ணும் அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். மற்றபடி பொத்தான்கள் விரலுக்குத் தட்டுப்படும்படி எழும்பியிருப்பது, தறிச் சத்தத்தில் மணியோசை கேட்பது, குறுஞ்செய்தி தமிழில் தெளிவாகத் தெரிவது, இவற்றைக் கடையிலேயே சோதித்துவிடலாம்.

இப்பொழுது இளைஞர்களின் ஆட்சேபத்துக்கு வருகிறேன். "பட்டன் போனில் பணம் அனுப்ப முடியுமா? வேளாண்மைத் தகவல் கிடைக்குமா?" என்பது அவர்கள் வாதம். ரிசர்வ் வங்கி 2022 மார்ச்சில் தொடங்கிவைத்த யூபிஐ 123பே என்ற ஏற்பாட்டின்படி, இணையம் இல்லாமலே தொலைபேசி அழைப்பின் மூலம் பணம் செலுத்தலாம். ஒருமுறை பதிவு செய்துகொள்ள வேண்டும், அவ்வளவே. பயிருக்கு நோய் கண்டால் 1800 180 1551 என்ற கட்டணமற்ற எண்ணில், காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை தமிழிலேயே ஆலோசனை கேட்கலாம். பம்புசெட்டைத் தொலைவிலிருந்து ஓட்டும் கருவி வைத்திருப்போருக்கும் சாதாரண அழைப்பே போதுமானது.

எனினும் இளைஞர் கட்சியில் நியாயமே இல்லை என்று சொல்லமாட்டேன். ஒரு நெசவாளர் சங்கத்தில் அங்கத்தினரான அம்மையார் ஒருவர், தாம் நெய்து முடித்த சேலையின் முந்தியையும் கரையையும் படமெடுத்து வெளியூரில் உள்ள வாடிக்கையாளருக்கு அனுப்புகிறார். நிறம் பிடித்திருக்கிறதென்று பதில் வந்த பிறகே அடுத்த பாவை ஏற்றுகிறார். அவருக்கு டச் போன் ஒரு தொழிற் கருவி. தமிழ்நாடு அரசு 2018இல் வெளியிட்ட உழவன் செயலியில் மானியம், சந்தை விலை முதலியவற்றைப் பார்க்கவும் அத்தகைய போன் வேண்டும். பிள்ளைகளின் படிப்பும் இருக்கிறது. இதற்கெல்லாம் வீட்டுக்கு ஒன்று வேண்டியதே. ஆளுக்கு ஒன்று வேண்டுமா என்பதுதான் நான் கேட்பது.

தவணையைப் பற்றி எழுத எனக்குத் தகுதியுண்டு, பட்டவன் நான். சில ஆண்டுகளுக்கு முன் 18,000 ரூபாய்க் கைபேசி ஒன்றைப் பன்னிரண்டு மாதத் தவணையில் வாங்கினேன். வட்டியில்லை என்றார் கடைக்காரர். கையொப்பமிட்ட பிறகே நடைமுறைக் கட்டணம் என ஒன்றும், அதன்மேல் வரி என ஒன்றும் இருப்பது தெரிந்தது. ஏழாம் மாதம் மோட்டார் சைக்கிளில் செல்கையில் பையிலிருந்து நழுவி விழுந்தது. கண்ணாடி மாற்ற ஏழாயிரம் கேட்டார்கள். மீதி ஐந்து மாதமும், மேஜை அறையில் கிடந்த உடைந்த கண்ணாடிக்குத் தவணை கட்டினேன். பிறர் கணக்கைத் தணிக்கை செய்யும் உத்தியோகம் பார்ப்பவனுக்கு இது நேர்ந்ததைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் பயிர்க் கடன் வாங்கிய பணத்தில் ஒரு பகுதி இப்படிக் கண்ணாடிக்குப் போயிருப்பதைச் சில கணக்குகளில் கண்டபிறகு, வெட்கத்தை விட்டுச் சொல்வதே மேலென்று தோன்றியது.

விலையை ஆயுளால் வகுத்துப் பார்க்கும் பழக்கம் வேண்டும். 9,000 ரூபாய்ப் போன் இரண்டாண்டில் கெட்டால் மாதம் 375 ரூபாய் ஆகிறது. 12,000 ரூபாய்ப் போன் நான்காண்டு உழைத்தால் மாதம் 250தான். 2,500 ரூபாய்ப் பட்டன் போன் ஐந்தாண்டு வந்தால் மாதம் 42 ரூபாய்கூட ஆகாது. இதில் விட்டுப்போகும் செலவொன்று உண்டு: மாதாமாதம் அதற்குப் போடும் தீனி. இணையம் வேண்டாதவருக்கும் இணையத்தோடு சேர்ந்த திட்டத்தையே விற்று வந்தார்கள். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2024 டிசம்பரில் விதியைத் திருத்தியதன் பயனாக, பேச்சுக்கும் குறுஞ்செய்திக்கும் மட்டுமான திட்டங்கள் 2025 ஜனவரி முதல் கிடைக்கின்றன. கடைகளில் தாமாக முன்வந்து சொல்லமாட்டார்கள். நாமே கேட்டு வாங்கவேண்டும்.

டச் போனில் உறுதி என்பது எது? கனமான போன் உறுதியானது என்று எண்ணுவது தவறு. கனமானது விழும்போது அடியும் கனமாகவே படும். பெட்டியின்மேல் ஐபி என்ற எழுத்துகளோடு இரண்டு இலக்கங்கள் போட்டிருப்பார்கள். முதல் இலக்கம் தூசிக்கு, இரண்டாவது தண்ணீருக்கு. 54 என்றால் தெறிக்கும் தண்ணீரைத் தாங்கும். 67 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரைமணி நேரம் தாங்கும். ஆயின் அச்சோதனை நல்ல தண்ணீரில் நடப்பது. காஸ்டிக் சோடாவும் ஹைட்ரோஸும் கலந்த சாயத் தொட்டிக்கு அது பொருந்தாது. தண்ணீரால் வந்த பழுதை உத்தரவாதத்தில் ஏற்பதும் அரிது. ஆகவே இலக்கத்தை நம்புவதைவிட, நூறு இருநூறு ரூபாயில் ஓரங்களைத் தூக்கி மூடும் தடித்த ரப்பர் உறை போடுவது நலம். போன் தலைகீழாக விழுந்தாலும் கண்ணாடி தரையைத் தொடாதபடி உறையின் விளிம்பு உயர்ந்திருக்கவேண்டும்.

தறி வீடுகளில் கைபேசிக்குப் பெரும்பகை பஞ்சுத் தூசி. சார்ஜ் ஏற்றும் துளையில் அது நாளடைவில் கெட்டித்துவிடும். கம்பி சரியாகப் பொருந்தாது. போன் பழுது என்று கடைக்கு எடுத்துச் செல்வார்கள். போனை அணைத்துவிட்டு மரப் பல்குச்சியால் மெல்ல எடுத்தாலே பல சமயம் சரியாகிவிடும். ஊசியையோ கம்பியையோ விடக்கூடாது. வரப்பின்மேல் வெயிலில் வைப்பதும், இரவெல்லாம் தலையணையடியில் சார்ஜ் ஏற்றுவதும் பாட்டரியின் ஆயுளைக் குறைக்கும். கஞ்சி பட்ட ஈர விரலுக்கு டச் கண்ணாடி சரிவரக் கட்டுப்படாது. தேய்ந்த விரல்ரேகையால் பூட்டைத் திறப்பதும் கஷ்டம். ஆகவே இலக்கப் பூட்டே நமக்கு ஏற்றது.

உடம்பு கெடாமலே கைபேசி சாவதும் உண்டு. 2017இல் அறிவிக்கப்பட்டு 1,500 ரூபாய் முன்பணத்தில் வந்த ஜியோபோனை நம் கிராமங்களில் பலர் வாங்கினர். அதில் ஓடிய காய்ஓஎஸ் என்ற அமைப்பில் 2024 ஜூன் முதல் வாட்ஸப்பைப் புதிதாகப் பெற இயலாமற் போயிற்று. பொத்தான்கள் நன்றாக இருந்தும், வாங்கிய காரியத்துக்கு உதவவில்லை. டச் போன் வாங்கும்போது, எத்தனை ஆண்டு பாதுகாப்புத் திருத்தங்கள் தருவதாகக் கம்பெனி எழுத்தில் சொல்லியிருக்கிறது என்று கேளுங்கள். 2025 பிப்ரவரியில் ஏறத்தாழ 10,000 ரூபாய்க்கு வந்த சாம்சங் எஃப்06 5ஜிக்கு நான்கு ஆண்டுகள் சொல்லியிருந்தார்கள். அதுவும் 6.7 அங்குலம், சட்டைப் பைக்கு ஆகாது, வீட்டு அலமாரிக்கு ஆகும். காமிரா எத்தனை மெகாபிக்சல் என்பதைக் காட்டிலும், அக்கம்பெனியின் பழுதுபார்க்கும் நிலையம் ஒரே பஸ்ஸில் போய்வரும் தூரத்தில் இருக்கிறதா என்பது முக்கியம்.

பழைய போன் வாங்குவதை நான் தடுக்கமாட்டேன். ஆனால் *#06# என்று அழுத்தினால் வரும் 15 இலக்க எண்ணை, கேஒய்எம் என்ற மூன்று ஆங்கில எழுத்துகளை அடித்து, ஓர் இடம் விட்டு, அடுத்து எழுதி 14422க்குக் குறுஞ்செய்தி அனுப்பிப் பார்க்காமல் காசைக் கொடுக்கவேண்டாம். திருட்டுப் போனாக இருந்தால் பணமும் போகும், மானமும் போகும்.

கடைசியாக ஒரு யோசனை. 1904இல் சென்னை திருவல்லிக்கேணியில் சிலர் கூடிச் சங்கம் அமைத்து, வீட்டுச் சாமான்களை ஒன்றாக வாங்க முற்பட்டார்கள். அதே காரியத்தை இதிலும் செய்யலாம். ஒரு சங்கத்தில் பத்துப் பதினைந்து அங்கத்தினர் ஒரே மாதிரிப் பட்டன் போனை ஒரே நாளில், ஒரே கடையில் வாங்கட்டும். விலையில் சிறிது குறையும், அது பெரிதன்று. ஒருவர் சார்ஜர் மற்றவருக்கு உதவும். மாற்றுப் பாட்டரி இரண்டை வாங்கிப் பொதுவில் வைத்துக்கொள்ளலாம். ஒருவர் கற்றுக்கொண்டதை மற்றவருக்குக் காட்டலாம். உள்ளூர்ப் பழுதுபார்ப்பவரும் அந்த ஒரே மாதிரிக்கு வேண்டிய உதிரிகளை வாங்கி வைப்பார். சங்கப் பணத்தை இதில் இறக்கும்படி நான் சொல்லவில்லை. துணைவிதியைப் பார்க்காமல் அதைச் செய்தால் நானே ஆட்சேபக் குறிப்பு எழுத நேரிடும். அங்கத்தினர் தம் சொந்தப் பணத்தைத் தாமே சேர்த்துக்கொண்டு போவதற்கு யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை.

வாங்கும்போது பட்டியல் கேட்டு வாங்குங்கள். கைபேசிமீது 2020 ஏப்ரல் முதல் 18 சதவீத வரி இருக்கிறது; பட்டியல் இல்லாமல் விலையைக் குறைப்பதாகச் சொல்வார்கள்; உத்தரவாதம் அதோடு போய்விடும். சிம் மகன் பேரிலோ மருமகன் பேரிலோ இல்லாமல் உங்கள் பேரிலேயே இருக்கட்டும். அந்த 15 இலக்க எண்ணைச் சங்கப் பாஸ் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் மையினால் எழுதி வைத்துவிடுங்கள். போன் தொலைந்தால் போலீசில் புகார் எழுதவும், 2023 மே மாதம் தொடங்கப்பட்ட சஞ்சார் சாத்தி என்ற அரசுத் தளத்தின் மூலம் அதைப் பிறர் உபயோகிக்க முடியாதபடி முடக்கவும் அந்த எண்ணைத்தான் கேட்பார்கள்.